பழகின உடம்பை வயிற்றுப் பூச்சி ஒன்றும் செய்யாதா?

வாய்க்கால்மேட்டுக்காரர், ஜூலை 21, காலை 7.15

எங்கப்பாரு தடப்பள்ளி வாய்க்கால் தண்ணியக் கையில அள்ளிக் குடிச்சுட்டு எம்பது வயசு தாண்டி இருந்தாருங்க. ஒரு நாளும் வயித்தால போவலை. நாங்களும் அப்படித்தான் வளந்தோம். பழகுன ஒடம்ப வவுத்துப் பூச்சி ஒண்ணும் பண்ணாதுங்கறது என் கட்சி. ஆனா பேரனுக்கு ஆர்.ஓ. தண்ணிதான் குடுக்கறோம், அவனுக்குப் போன மாசம் ஜியார்டியான்னாங்க. மருந்து குடுத்துச் சரியாச்சு. இப்ப மறுபடியும் அதே. ஒருக்கா வந்துட்டுப் போனதை ஒடம்பு அடுத்த தடவை கண்டுபுடிச்சுராதுங்களா? தட்டம்மை ஒருக்கா வந்தா மறுபடி வாரதில்லையே, இதுக்கு மட்டும் ஏனுங்க இப்படி?

ஜூலை 21, இரவு 9.50

அய்யா, தட்டம்மையோடு ஒப்பிட்டது நல்லதாகப் போயிற்று. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் கோபியில் லேப் வைத்திருக்கிறேன். மலப் பரிசோதனை என்றால் பலர் முகம் சுளிப்பார்கள், எனக்கு அதில்தான் ஈடுபாடு அதிகம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

நம் உடம்பு ஒரு கிருமியை அடையாளம் காண்பது அதன் வெளிப்புறத்தை வைத்துத்தான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும்படி ஆன்டிபாடி உருவாகும். தட்டம்மை வைரஸின் வெளிப் புரதம் அதிகம் மாறாது. சிறு வயதில் உருவான ஆன்டிபாடி அறுபது வயதிலும் அதைப் பிடிக்கும். அதனால் ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் போதும்.

ஜியார்டியா என்பது சிறுகுடலில் வாழும் ஒரே செல் ஒட்டுண்ணி. அதன் உடல் முழுக்க, அது நீந்த உதவும் சவுக்கு போன்ற இழைகள் உட்பட, ஒரே வகைப் புரதம் நெருக்கமாகப் போர்த்தியிருக்கும். விஎஸ்பி, அதாவது மாறக்கூடிய மேற்பரப்புப் புரதம் என்பார்கள். இதற்கான மரபணுக்கள் அதனிடம் ஏறக்குறைய 200 இருக்கின்றன. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு செல்லின் மேல் ஒரே ஒரு விஎஸ்பிதான் இருக்கும். 200 சட்டை வைத்திருப்பவன் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு திரிவதைப் போல. உடம்பு அந்தச் சட்டையின் நிறத்தைப் பார்த்து ஆளைப் பிடிக்கப் போகும்போது, கூட்டத்தில் சிலர் ஏற்கெனவே வேறு சட்டைக்கு மாறியிருப்பார்கள். பழைய சட்டைக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள், மாறியவர்கள் பெருகுவார்கள்.

ஒவ்வொரு செல்லும் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை தானாகவே மாறிக்கொள்ளும். உங்கள் பேரன் உடம்பு சும்மா இருந்திருக்காது. முதல் தடவை கண்ட சட்டையை அது நினைவில் வைத்திருக்கும்தான். வந்திருப்பது வேறு சட்டை.

ஜூலை 22, காலை 11.20

இன்று காலை வந்த ஒரு சாம்பிளில் உயிரோடு இருந்தது. மலம் வெளிர் மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு, நாற்றம் தூக்கலாக இருந்தால் டப்பாவை வாங்கும்போதே பாதி தெரிந்துவிடும். ஒரு சொட்டு சலைன், ஒரு சிட்டிகை மலம், மேலே கவர் கிளாஸ். மைக்ராஸ்கோப்பின் நாற்பது மடங்கு லென்ஸில் வைத்துப் பார்த்தால் 12, 15 மைக்ரான் நீளத்தில் ஒன்று புரண்டு புரண்டு நகர்கிறது. ஒரு பக்கம் குழிந்த தட்டு. அந்தத் தட்டை வைத்துத்தான் சிறுகுடல் சுவரில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. திரும்பும்போது தட்டின் விளிம்பு ஒரு கணம் தெளிவாகத் தெரிந்து மறையும்.

1681-ல் லேவன்ஹுக் தன் வயிறு கெட்டிருந்தபோது தன் மலத்தையே தான் செய்த லென்ஸில் வைத்துப் பார்த்து, இந்த உயிரியை முதன்முதலில் எழுதிவைத்தார். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த மனிதரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

ஒரு தம்பி தனிச்செய்தியில், ‘அப்படியென்றால் விஎஸ்பிதான் குடலில் ஒட்ட வைக்கிறதா?’ என்று கேட்டிருக்கிறார். இல்லை தம்பி. ஒட்டுகிற வேலை பெரும்பாலும் தட்டுக்கு. விஎஸ்பிக்கு இரண்டு வேலை: ஆன்டிபாடியை ஏமாற்றுவது, சிறுகுடலில் தாக்குப்பிடிப்பது. சிறுகுடல் என்பது புரதத்தைக் கரைப்பதற்கென்றே நொதிகள் ஊறும் இடம். நாம் தின்கிற பருப்பும் முட்டையும் கரையும் இடத்தில் இது மட்டும் கரையாமல் உட்கார்ந்திருக்கிறது. விஎஸ்பியில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் மிக அதிகம். அதனால் புரதம் இறுகி முறுக்கிக்கொண்டிருக்கும், நொதிகளால் எளிதில் வெட்ட முடியாது.

ஜூலை 22, இரவு 10.15

200-ல் ஒன்று மட்டும் எப்படி வெளியே வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தூக்கம் வராது.

மற்ற மரபணுக்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கின்றன என்றுதான் யாரும் நினைப்போம். அப்படியில்லை. பல விஎஸ்பி மரபணுக்களிலிருந்து ஒரே நேரத்தில் ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான நகல்) படியெடுக்கப்படுகிறது. பிறகு ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைச் செல்லே துண்டு துண்டாக்கி அழித்துவிடுகிறது. அர்ஜென்டினாவின் கோர்தோபாவில் ஹியூகோ லுஹான் குழு இதைக் கண்டுபிடித்து 2008-ல் நேச்சர் இதழில் எழுதியது. அழிக்கிற அந்த இயந்திரத்தைக் கெடுத்துவிட்டால் ஒரே செல்லின் மேல் எல்லா விஎஸ்பிகளும் ஒன்றாக வந்து நின்றன.

அதற்கடுத்த வேலை இன்னும் பிரமாதம். அப்படி எல்லாவற்றையும் காட்டி நிற்கும் ஜியார்டியாவை ஜெர்பில் என்ற எலி வகைக்குக் கொடுத்தார்கள். பிறகு சாதாரண ஜியார்டியாவைக் கொடுத்தபோது அவை தப்பித்தன. 2010-ல் வந்தது. மாறி மாறி ஒளிந்துகொள்வதைத் தடுத்துவிட்டால் உடம்பால் இதைச் சமாளிக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறு வேண்டாம். மனிதருக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை.

மனிதரிடம் இந்த மாற்றம் நடப்பதை அமெரிக்காவில் தியோடர் நாஷ் நேராகவே பார்த்தார். மனமொப்பி வந்தவர்களுக்கு ஒரே ஒரு விஎஸ்பி மட்டும் உள்ள ஜியார்டியாவைக் கொடுத்து, சில வாரங்களுக்குப் பின் எடுத்துப் பார்த்தபோது பழைய விஎஸ்பியைக் காணோம். உள்ளே இருந்தவை வேறு வேறு போர்வையில் இருந்தன. 1990-ல் வெளியான ஆய்வு அது.

ஜூலை 24, மாலை 6.40

வாய்க்கால்மேட்டு அய்யாவின் பேரனைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். சட்டை மாற்றும் கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் வேறொரு விஷயம் மறைந்துவிடும். மருந்து முடித்து நன்றாக இருந்த குழந்தைக்குச் சில வாரத்தில் மறுபடி வந்தால், மருந்துக்குத் தப்பி உள்ளேயே இருந்து மாறி வந்திருக்கலாம். அதைவிட, வெளியிலிருந்து புதிதாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு போதும் தெரியுமா? 1954-ல் ரெண்டார்ஃப் என்பவர் சிறையிலிருந்த தன்னார்வலர்களுக்கு எண்ணி எண்ணிக் கொடுத்துப் பார்த்தார். 10 சிஸ்டிலேயே தொற்று வந்தது. சிஸ்ட் என்பது வெளியே பிழைத்திருக்க அது கட்டிக்கொள்ளும் கெட்டி ஓடு. குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் கிடக்கும். நகக்கண்ணில் 10 சிஸ்ட் தங்குவதற்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஆர்.ஓ. தண்ணீர் கொடுக்கிறீர்கள், சரி. கொடுக்கிற கை யாருடையது? வீட்டில் இன்னொரு குழந்தை இருக்கிறதா? துணி அலசுவது யார்? ஒரு தொந்தரவும் இல்லாமல் சிஸ்டை வெளியேற்றிக்கொண்டிருக்கும் ஆட்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பதுண்டு. எல்லோரும் ஒருமுறை மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அய்யா, நீங்களும்தான்.

கட்டுத்தரையில் இருக்கும் மாடு கன்றிடமிருந்து வருமா என்று கேட்டிருந்தீர்கள். மாடு, ஆடுகளிடம் ஜியார்டியா உண்டு. ஆனால் அவற்றிடம் அதிகம் இருப்பது அவற்றுக்கென்றே உள்ள வேறு வகை. மனிதரைப் பிடிப்பது பெரும்பாலும் ஏ, பி என்ற இரு வகைகள். கட்டுத்தரையைவிட வீட்டுக் கக்கூஸைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இன்னொன்று. ஜியார்டியா போன பிறகும் சில வாரம் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றால் போகும். குடல் சுவர் தேறி வரும்வரை லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவாக இருப்பதுதான் காரணம். அதைப் பார்த்துப் பூச்சி திரும்பி வந்துவிட்டது என்று மறுபடி மருந்து கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் மலத்தைப் பாருங்கள், பிறகு மருந்து.

ஜூலை 27, இரவு 9.05

திருப்பூரிலிருந்து ஒரு அண்ணன் கல்லீரல் சீழ்க்கட்டிக்கு அட்மிட் ஆகி இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார். அமீபா என்றார்களாம். ‘குடல்ல இருக்கற பூச்சி ஈரலுக்கு எப்படிப் போகும், எனக்கு வயித்தால கூடப் போகலையே’ என்பது அவர் கேள்வி.

ஜியார்டியா குடல் சுவரைத் துளைக்காது, மேலேயே உட்கார்ந்திருக்கும். சீதபேதி அமீபா அப்படிப்பட்டதில்லை. எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்பது அதன் பெயர். அது துளைத்துக்கொண்டு உள்ளே போகும், ரத்தத்தில் ஏறிக் கல்லீரல் சேரும். நடுவயது ஆண்களிடம்தான் கல்லீரல் கட்டி அதிகம். கட்டி வரும் நேரத்தில் பலருக்கு மலத்தில் அமீபாவே தெரியாது. அண்ணன் சொல்வது வழக்கமான கதைதான்.

இது எல்லாம் தொடங்குவது ஒரு மேற்பரப்புப் புரதத்தில்.

பெருங்குடலின் உட்சுவர் மேல் சளிப் படலம் இருக்கிறது. அதில் முக்கியமான பொருள் மியூசின். மியூசின் முழுக்கச் சர்க்கரைக் கிளைகள், அவற்றில் கேலக்டோஸும் என்-அசிட்டைல் கேலக்டோசமைனும் நிறைய. அமீபாவின் மேல் இந்த இரண்டு சர்க்கரையையும் குறிபார்த்துப் பிடிக்கும் ஒரு புரதம் உண்டு. லெக்டின் என்பார்கள். 170 கிலோடால்டன் எடையுள்ள பெரிய துண்டும், ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள சின்னத் துண்டும் சேர்ந்தது. பெரிய துண்டின் வெளிப்பகுதிதான் சர்க்கரையைப் பிடிக்கிறது.

1981-ல் ஜோனதன் ராவ்டினும் ரிச்சர்ட் கெரண்டும் செய்த சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும். செல்களை வளர்த்து அமீபாவை விட்டால் அமீபா ஒட்டும், ஒட்டிய செல் சாகும். அதே தட்டில் என்-அசிட்டைல் கேலக்டோசமைனைக் கரைத்துவிட்டார்கள். லெக்டின் அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அமீபாவால் செல்லில் ஒட்ட முடியவில்லை. ஒட்டாத அமீபாவால் கொல்லவும் முடியவில்லை. பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தாலும் தொடாமல் கொல்லத் தெரியாத உயிரி அது.

இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சளியில் உள்ள மியூசினிலும் அதே சர்க்கரைகள்தானே? அமீபா முதலில் சளியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். சளி கெட்டியாக இருக்கிறவரை கீழே உள்ள செல்லைத் தொட வழியில்லை. சளியை நொதியால் அரித்துக்கொண்டு இறங்கும்போதுதான் சீதமும் ரத்தமும்.

ஜூலை 28, மதியம் 1.30

நேற்றுக் குறிப்பைப் படித்த பலர் தங்கள் பழைய ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாவற்றிலும் ஒரே வரி: ‘எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா சிஸ்ட் காணப்பட்டது.’ இதைப் பற்றி எழுத எத்தனையோ நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைக்ராஸ்கோப்பில் சிஸ்டைப் பார்த்து அது ஹிஸ்டோலிட்டிகா என்று யாராலும் சொல்ல முடியாது. எண்டமீபா டிஸ்பார் என்று இன்னொன்று இருக்கிறது. அதே உருண்டை, அதே அளவு, அதே நான்கு உட்கரு. அது யாருக்கும் நோய் தருவதில்லை. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று பிரான்ஸில் எமில் ப்ரம்ப்ட் 1925-லேயே சொன்னார், ஏற்றுக்கொள்ள ஆளில்லை. 1993-ல் டயமண்டும் கிளார்க்கும் மூலக்கூறு அளவில் காட்டிய பிறகுதான் இரண்டும் தனித்தனி இனம் என்பது உறுதியானது. அதுவரை ‘ஹிஸ்டோலிட்டிகா இருக்கிறது, ஆனால் நோயில்லை’ என்று கணக்கில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் டிஸ்பார்காரர்கள்.

சிஸ்டை மட்டும் பார்த்தால் இரண்டு பெயரையும் சேர்த்து ‘ஹிஸ்டோலிட்டிகா / டிஸ்பார்’ என்று எழுதச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 1997-லேயே அறிவுறுத்திவிட்டது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் அப்படி எழுதினால், ‘டாக்டருக்குக் குழப்பமாயிரும், ஒண்ணை எழுதும்மா’ என்பார்கள். தொந்தரவே இல்லாதவர்கள் அமீபாவுக்கான மெட்ரோனிடசோல் மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்கி, வாயெல்லாம் இரும்பு ருசியோடு சுற்றினார்கள். என் லேபில் சாய்வுக்கோடு போட்டுத்தான் எழுதுகிறேன். கேட்கும் டாக்டர்களுக்கு ஃபோனில் விளக்கவும் செய்கிறேன்.

நகரும் அமீபாவின் வயிற்றுக்குள் சிவப்பணு கிடந்தால் அது வேறு கதை. அதைப் பார்த்தால் ஹிஸ்டோலிட்டிகா என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். மற்றபடி மலத்தில் லெக்டினைத் தேடும் ஆன்டிஜன் டெஸ்டோ பி.சி.ஆரோதான் வழி.

ஜூலை 29, காலை 8.10

மேலே சொன்னதை வைத்து, ‘அப்படின்னா டிஸ்பாருக்கு லெக்டின் கிடையாது, அதனாலதான் நோய் தரலை’ என்று ஒருவர் முடிவு கட்டியிருக்கிறார். அப்படியில்லைங்க. டிஸ்பாருக்கும் அதே குடும்பத்து லெக்டின் உண்டு, அதுவும் சளியில் ஒட்டித்தான் வாழ்கிறது. அமைப்பில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கின்றன, அந்த வித்தியாசத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியை வைத்துத்தான் டெஸ்ட் செய்கிறார்கள். ஒட்டிய பிறகு சளியை அரிக்கும் நொதிகளில் முக்கியமான ஒன்று டிஸ்பாரிடம் வேலை செய்யாது, அதன் மரபணு சிதைந்து கிடக்கிறது. ஒட்டுவது முதல் படி. அடுத்த படியில் கால் வைக்கத் தெரிந்தவன்தான் ஆபத்தானவன்.

ஆகஸ்ட் 1, இரவு 10.40

ஜியார்டியா மாதிரி அமீபா போர்வையை மாற்றாதா என்று பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டார். டீச்சர், அது வேறு தந்திரம் வைத்திருக்கிறது.

ஆன்டிபாடி வந்து அமீபாவின் மேல் ஒட்டியதும், ஒட்டிய இடத்தையெல்லாம் அது பின்பக்கமாக நகர்த்திக்கொண்டு போகும். எல்லாம் வால் பகுதியில் சேரும். அங்கிருந்து அந்தத் துண்டை மொத்தமாக உதிர்த்துவிட்டு முன்னால் நகர்ந்துவிடும். லெக்டினுக்கு இன்னொரு திறமையும் உண்டு. நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் கிருமியின் சவ்வில் துளை போடும். நம் செல்களை நாமே துளைத்துவிடாமல் காக்க நம்மிடம் ஒரு புரதம் இருக்கிறது. அமீபாவின் லெக்டின் அந்தப் புரதத்தின் வேலையைச் செய்து துளையைத் தடுக்கிறது.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. 2014-ல் கேத்தரின் ரால்ஸ்டன், வில்லியம் பெட்ரி குழுவினர் உயிருள்ள மனித செல்லை அமீபா என்ன செய்கிறது என்று படம் பிடித்தார்கள். முழுதாக விழுங்குவதற்கு முன்பே கடித்துக் கடித்துத் துண்டெடுக்கிறது. கடிபட்டுத்தான் செல் சாகிறது. செத்த பிறகு கடிப்பதை நிறுத்திவிடுகிறது. பின்னர் 2019-ல் ரால்ஸ்டன் குழு காட்டியது என்னைத் தூக்கிப்போட்டது: கடித்தெடுத்த மனித செல்லின் சவ்வுப் புரதங்களை அமீபா தன் மேலேயே எடுத்து வைத்துக்கொள்கிறது. அப்படி வைத்துக்கொண்ட அமீபாவை மனித ரத்தத்தின் காம்ப்ளிமென்டால் எளிதில் கொல்ல முடியவில்லை. நம் புரதத்தைப் போட்டுக்கொண்டு நம் காவலைத் தாண்டிப் போகிறது.

திருப்பூர் அண்ணன், உங்கள் ஈரலுக்குள் அது எப்படிப் பிழைத்தது என்ற கேள்விக்கு இதில் ஒரு பங்கு விடை இருக்கிறது.

கட்டிக்கு மருந்து முடிந்த பிறகு, குடலில் மிச்சமிருக்கும் சிஸ்டை ஒழிக்கத் தனி மருந்து எழுதினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டைலாக்ஸனைடோ பாரோமோமைசினோ இருக்கும். மெட்ரோனிடசோல் மட்டும் போதாது.

ஆகஸ்ட் 3, காலை 6.30

ஆடிப்பெருக்கு. கூடுதுறைக்கும் கொடிவேரிக்கும் கிளம்புகிறவர்களுக்கு: முங்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நல்லபடியாகப் போய்வாருங்கள்.

ஆகஸ்ட் 6, மாலை 7.20

‘நாங்க கேன் தண்ணிதான், எங்களுக்குக் கவலையில்லை’ என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள்.

வேலூரில் செய்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்காக, பாட்டில் தண்ணீர் குடிக்கும் குழந்தைகளையும் நகராட்சித் தண்ணீர் குடிக்கும் குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். இரு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கை, தரை, பாத்திரம், இன்னொரு குழந்தை என்று வர எத்தனையோ வழி இருக்கும்போது தண்ணீரை மட்டும் அடைத்துப் பயனில்லை.

கிரிப்டோ குளோரினுக்கு அசையாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீர் வழியாக நான்கு லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். ஆனால் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது தப்பாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் செத்துவிடும்.

இதன் வெளிப் புரதங்களில் ஜிபி60 என்று ஒன்று இருக்கிறது. அது இரண்டாக வெட்டுப்பட்டு, 40, 15 என்ற இரு துண்டாகி, செல்லில் ஒட்டவும் உள்ளே நுழையவும் உதவுகிறது. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் இந்த ஜிபி60 மாறுபடும். எந்த வகை எங்கே பரவுகிறது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பதே அந்த மரபணுவைப் படித்துத்தான். நுழைந்த பிறகு அது செல்லுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. செல்லின் சவ்வையே மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு அதற்கடியில் உட்கார்ந்துவிடும்.

ஆகஸ்ட் 10, இரவு 9.30

பெருந்துறைப் பக்கம் நர்சிங் படிக்கும் தங்கச்சி கேட்டது: பிப்ரவரி 10 அன்று பள்ளியில் போடும் குடற்புழு மாத்திரை அல்பெண்டசோல் இதற்கெல்லாம் கேட்குமா?

அது உருளைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழுவுக்கானது கண்ணு. ஒரே ஒரு மாத்திரை ஜியார்டியாவுக்குப் போதாது, அமீபாவை அது தொடாது. ஆனால் அந்த மாத்திரை அவசியம், குறிப்பாக மஞ்சக்காட்டிலும் வாழைத் தோட்டத்திலும் வெறுங்காலோடு தண்ணி கட்டுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு. கொக்கிப்புழு நுழைவது கால் வழியாகத்தானே. நெகேட்டர் வகை ஒன்று நாளுக்கு 0.03 மில்லி ரத்தம் குடிக்கும், ஆன்கைலோஸ்டோமா அதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். ரத்தசோகை என்று வரும் காட்டு வேலைப் பெண்களிடம், ‘செருப்பு போடுவீங்களா?’ என்று நான் கேட்டால் சம்பந்தமில்லாமல் கேட்கிறேன் என்று நினைப்பார்கள்.

கொக்கிப்புழுவின் வெளித்தோல் கெட்டியானது, ஆன்டிபாடி வந்தாலும் அதைப் பெரிதாக அசைக்க முடியாது. அதனால் தடுப்பூசிக்காரர்கள் வேறு இடம் தேடினார்கள். தோலில் நுழையும்போது லார்வா சுரக்கும் ஒரு புரதத்தை முதலில் முயன்றார்கள். பிரேசிலில் போட்டபோது, முன்பே கொக்கிப்புழு கண்டிருந்தவர்களுக்கு உடம்பெல்லாம் தடித்துப் போனது. அவர்கள் உடம்பில் அந்தப் புரதத்துக்கு எதிரான ஐஜிஈ, அதாவது அலர்ஜியைத் தூண்டும் ஆன்டிபாடி, ஏற்கெனவே இருந்ததுதான் காரணம். நிறுத்திவிட்டார்கள். பிறகு புழுவின் குடலின் உட்சுவரில் இருக்கும், ரத்தத்தைச் செரிக்கும் நொதியைக் குறிவைத்தார்கள். ஊசி போட்டவரின் ரத்தத்தைப் புழு குடிக்கும்போது ஆன்டிபாடியும் சேர்ந்து உள்ளே போய் அந்த நொதியை முடக்கும். புழு பசியால் வாடும். என்ன ஒரு யோசனை!

அந்தப் பிரேசில் கதையில் வாய்க்கால்மேட்டு அய்யாவுக்கும் ஒரு பதில் இருக்கிறது. பழகின உடம்பு என்பது எப்போதும் சாந்தமான உடம்பு இல்லை.

ஆகஸ்ட் 14, இரவு 11.00

முதல் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். ‘பழகுன ஒடம்ப ஒண்ணும் பண்ணாது’ என்பதை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை.

டாக்காவின் மீர்பூரில் ரஷிதுல் ஹக் குழு குழந்தைகளை வருடக்கணக்கில் கவனித்தது. குடலில் அமீபா லெக்டினுக்கு எதிரான ஐஜிஏ என்ற ஆன்டிபாடி உள்ள குழந்தைகளுக்கு மறு தொற்று குறைவாக வந்தது. அமீபாவின் பிடிமானத்தையே மறைக்கும் ஆன்டிபாடி அது. லெக்டின் ஜியார்டியாவின் விஎஸ்பி மாதிரி மாறிக்கொண்டே இருப்பதில்லை, அதனால் உடம்புக்குக் கற்றுக்கொள்ள வாய்ப்பு கிடைக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு முழுமையில்லை, காலத்துக்கும் நிற்பதில்லை.

ஜியார்டியாவில்தான் எனக்கு மனசு உறுத்துகிறது. அடிக்கடி தொற்று வரும் ஊர்களில் குழந்தைகளுக்கு ஜியார்டியா இருந்தும் வயிற்றால் போகாமல் இருப்பது சகஜம். அதைப் பார்த்துத்தான் நம் ஊரில் ‘ஒண்ணும் பண்ணலை’ என்கிறோம். எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து கவனித்த மால்-எட் ஆய்வில் வேலூரும் ஓரிடம். பிறந்த முதல் ஆறு மாதத்தில் ஜியார்டியா நீடித்துத் தங்கிய குழந்தைகள் இரண்டு வயதில் உயரம் குறைந்திருந்தார்கள். பேதி இல்லை, காய்ச்சல் இல்லை, யாரும் லேபுக்குக் கூட்டி வரவில்லை. உயரம் மட்டும் குறைந்தது.

உங்கப்பாரு எண்பது தாண்டி இருந்தார், நல்லது. அவரோடு பிறந்தவர்களில் எத்தனை பேர் ஐந்து வயது தாண்டினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள் அய்யா. எங்கள் ஆத்தாவுக்குப் பிறந்து சிறுசிலேயே பேதியில் போன குழந்தைகளைப் பற்றி அவர் பேசவே மாட்டார், நாங்கள் துருவிக் கேட்டால்தான் சொல்வார். வாய்க்கால் தண்ணீர் குடித்துப் பிழைத்தவர்கள்தான் வாய்க்கால் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்று சொல்ல மிஞ்சியிருக்கிறார்கள்.

இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பேரன் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை தெரிந்துதான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 17, காலை 9.45

வாய்க்கால்மேட்டு அய்யா எழுதியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் பரிசோதனை கொடுத்தார்களாம். பேரனின் தங்கச்சிப் பாப்பாவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஆனால் ஜியார்டியா சிஸ்ட் இருந்திருக்கிறது. அய்யாவுக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் இரண்டு பேருக்கும் சேர்த்து மருந்து எழுதியிருக்கிறார்.

‘மூணு வாரம் கழிச்சு மறுபடி பாக்கோணும்னாங்க, எப்படிக் கொண்டுவாரது?’ என்று கேட்டீர்கள். சிஸ்ட் எல்லா நாளும் வெளியே வராது, அதனால் ஒரே தடவை பார்த்து இல்லை என்று சொல்ல முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று சாம்பிள் கொடுங்கள். மூத்திரமோ தண்ணீரோ கலக்காமல், காய்ந்த சுத்தமான டப்பாவில், ஒரு நெல்லிக்காய் அளவு. விளக்கெண்ணெய் கொடுத்து எடுக்காதீர்கள், எண்ணெய்த் துளி கண்ணாடியில் எல்லாவற்றையும் மறைத்துவிடும். மலம் தண்ணீராகப் போனால் அரை மணிக்குள் கொண்டுவந்துவிடுங்கள், நகருவது அதற்குள்தான் தெரியும். கெட்டியாக இருந்தால் அவசரமில்லை, காலையில் எடுத்து மதியத்துக்குள் கொடுத்தால் போதும். டப்பா மேல் பாப்பா பெயரையும் பேரன் பெயரையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.